சலவைக்கடைக்குக் கீழே எண்பத்து நான்கு மீட்டர்

என் அப்பாவுக்கு என் வீட்டுக்காரரைப் பிடிக்கும். ஆனால் அதை நேருக்கு நேர் காட்டிவிட்டால் மாமனார் கௌரவம் என்ன ஆவது? கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவரிடம் நேராகப் பேசியது மிஞ்சிப்போனால் பத்து வார்த்தை. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, "மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி வேணுமான்னு கேளு" என்பார் என்னிடம். அவரும் என்னைப் பார்த்து, "மாமாகிட்ட போதும்னு சொல்லு" என்பார். நான் சுரங்க அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். வேலையிலும் வீட்டிலும் அடுத்தவர்களுக்கு இணைப்புக் கொடுப்பதே என் பிழைப்பாகிவிட்டது.

அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் கூரைக்கு முட்டுக் கொடுக்கும் குழுவின் மேஸ்திரி. முப்பத்தொரு வருஷம் பூமிக்குக் கீழே இருந்தவர். என் வீட்டுக்காரர் அதே சுரங்கத்தில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தார். கீழே இறங்கும் தொலைபேசிக் கம்பிகளெல்லாம் அவர் பொறுப்பு. அதனால் அப்பா அவருக்கு வைத்த பெயர் 'கம்பி மாப்பிள்ளை'. அவர் ஏதாவது புதிதாகச் சொன்னால் அப்பா அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்து, "ஆரம்பிச்சாச்சு, கம்பி கட்டுற கதை" என்பார்.

அந்தக் கதைகளில் பெரிய கதை, மண்ணைத் துளைத்துக்கொண்டு போகும் சிக்னல்.

கூரை சரிந்தால் முதலில் அறுவது தொலைபேசிக் கம்பிதான். என் வீட்டுக்காரர் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அப்படி ஒரு சரிவில் நான்கு பேர் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் எந்தப் பக்கம் ஒதுங்கினார்கள் என்று தெரியாமல் ஐந்து நாள் தப்பான இடத்தில் தோண்டினார்கள். அதை அவர் பக்கத்திலிருந்து பார்த்தார். அன்றிலிருந்து அவருக்கு இதே நினைப்பு. வெளியூர் கம்பெனி ஒன்று செய்த கருவியைத் தேடிப் பிடித்து, மேனேஜரை நச்சரித்து, பன்னிரண்டு பெட்டிகள் வரவழைத்தார். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். மாட்டிக்கொண்டால், கூடவே இருக்கும் மஞ்சள் கம்பியைத் தரையில் பெரிய வட்டமாக விரித்து, இரண்டு முனைகளையும் பெட்டியில் செருகி, தலைவிளக்கின் பேட்டரியோடு இணைத்துவிட வேண்டும். அது நொடிக்கொரு தரம் துடிக்கும். அந்தத் துடிப்பை மேலே தரையில் ஒரு கம்பி வளையமும் ஹெட்போனும் வைத்துக்கொண்டு கேட்கலாம்.

"வயர்லெஸ் பாறைக்குள்ள போகாதுன்னு ஊருக்கே தெரியும். கேளு உன் வீட்டுக்காரரை" என்றார் அப்பா ஒருநாள்.

"வேகமா துடிக்கிற அலையத்தான் பாறை முழுங்கும் மாமா. ரொம்ப மெதுவா துடிக்கிற அலை ஊடுருவி வந்துரும்" என்றார் இவர்.

"மெதுவான்னா? மாப்பிள்ளை கடைக்குப் போயிட்டு வர்ற மாதிரியா?"

அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சுரங்கத்தில் இதற்காக ஒரு வகுப்பு நடத்தினார்கள். அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து குறட்டை விட்டார் என்று மறுநாள் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்த ஒவ்வொருவரும் எனக்குச் சொன்னார்கள். பெட்டிகள் விளக்கறையில் தூசி பிடித்துக் கிடந்தன. யாரும் தொடவில்லை. ஏற்கெனவே இடுப்பில் அத்தனை சுமை, இதில் இது வேறா என்றார்கள். நான் அப்பாவிடம், "அதை எடுத்துட்டுப் போற வரைக்கும் உங்களோட பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். நான்கு நாள் தாக்குப்பிடித்தார். ஐந்தாம் நாள் காலை கீழேயிருந்து போன் வந்தது. "கட்டியிருக்கேன் தாயே. ஏழு மாசக் கர்ப்பிணி மாதிரி நடக்கறேன். இப்பவாவது பேசு."

இது நடந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால். என் இணைப்புப் பலகையில் சுரங்கத்தின் மூன்றாம் பகுதிக்கான ஆறு விளக்குகளும் ஒரே சமயத்தில் அணைந்தன. ஒன்றிரண்டு அணைவது சகஜம். ஆறும் அணைந்து நான் பார்த்ததில்லை. மாற்றி மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தேன். கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தது.

அரை மணியில் விவரம் தெரிந்தது. மூன்றாம் பகுதியின் பிரதான பாதையில் கூரை விழுந்திருந்தது. பதினான்கு பேர் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். மூன்று பேர் வரவில்லை. ஒருவர் பம்ப்காரர். இன்னொருவர் ஒட்டகம் என்று எல்லோரும் கூப்பிடும் ஆறரை அடி உயரக்காரர். மூன்றாமவர் என் அப்பா.

அழுவதற்குக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. பலகை முழுக்க விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஆஸ்பத்திரிக்கு ஒரு இணைப்பு, மீட்புக் குழுவுக்கு ஒரு இணைப்பு என்று கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். தோளில் சைக்கிள் சக்கரம் மாதிரி ஒரு பெரிய வளையம், கழுத்தில் ஹெட்போன். மூச்சு வாங்கியது. மெதுவாக நடப்பவர் அன்று ஓடி வந்திருந்தார்.

"வா. உன் காது வேணும்."

உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்காவது பெட்டியைப் புதைத்துவிட்டு வர, வெட்டவெளியில் வளையத்தோடு நடந்து நாங்கள் பயிற்சி எடுத்திருந்தோம். பேய் பிடிக்கப் போகிறார்கள் என்று பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். அவருக்குக் கேட்காததும் எனக்குக் கேட்கும். பன்னிரண்டு வருஷமாக இரைச்சலுக்கு நடுவே குரல்களைப் பொறுக்கி எடுத்த காது. பலகையைச் சக ஆபரேட்டரிடம் விட்டுவிட்டு எழுந்தேன். அவள் என் தோளை அழுத்திவிட்டு உட்கார்ந்தாள்.

மேனேஜர் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். மூன்று பேரும் கடைசியாகக் கிழக்கே பம்ப் அறையில் இருந்ததாகத் தகவல். மீட்புக் குழுவை அங்கே அனுப்பத் தயார் செய்துகொண்டிருந்தார். "நீங்க கேட்டுப் பாருங்க. ஆனா நான் காத்திருக்க முடியாது" என்றார். கெட்டவர் இல்லை. மூன்று உயிர் அவர் தலையில் இருந்தது.

மூன்றாம் பகுதிக்கு நேர் மேலே ஊரின் ஓரத் தெருக்கள் இருந்தன. வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தச்சுப்பட்டறை, ஒரு சலவைக்கடை. நான் ஹெட்போனை மாட்டியதும் காதில் விழுந்தது ஒரே ரீங்காரம். ஆயிரம் வண்டுகள் ஒன்றாகப் பறந்த மாதிரி. ஒவ்வொரு வீட்டு மின்சாரமும் அதில் பாடியது. அதற்குள் அப்பாவின் துடிப்பு இருந்தாலும் எப்படிக் கேட்கும்?

"ஊருக்குக் கரண்ட்டை நிறுத்தணும்" என்றார் இவர். சுரங்கத்து மின்விசிறிகளுக்கும் பம்புகளுக்கும் தனி லைன். அதைத் தொடவேண்டியதில்லை. மின் நிலைய அதிகாரியிடம் நான்தான் பேசினேன். அந்தக் குரலோடு தினமும் பேசியிருக்கிறேன், ஆளைப் பார்த்ததில்லை.

"எவ்வளவு நேரம்மா?"

"ஒரு மணி நேரம் சார்."

"மேல இருந்து உத்தரவு..." என்று இழுத்தார். பிறகு, "உள்ள யாரு?" என்று கேட்டார்.

"எங்கப்பா."

"வைங்க போனை. நிறுத்தறேன்."

இரண்டு நிமிஷத்தில் தச்சுப்பட்டறை ரம்பம் முனகி நின்றது. சலவைக்கடை மோட்டார் நின்றது. எங்கோ பாடிக்கொண்டிருந்த ரேடியோ பாதி வரியில் நின்றது. திட்டுவதற்காக ஜனங்கள் வெளியே வந்தார்கள். விஷயம் வாய்வழியே பரவியதும் அப்படியே வாசலில் நின்றுவிட்டார்கள். பேட்டரியில் ஓடுவதைக்கூட நிறுத்தினார்கள். ஒரு கிழவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அதனால் பயன் ஒன்றுமில்லை. ஆனாலும் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ரீங்காரம் வடிந்த பிறகு நடந்தோம். இவர் வளையத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால், ஹெட்போன் கம்பியின் மறுமுனையில் நான் பின்னால். பம்ப் அறைக்கு மேலே இருக்கும் தெருவில் சன்னமாக ஏதோ இருந்தது. மேற்கே திரும்பினோம். பள்ளிக்கூடச் சுவர் தாண்டியதும் கேட்டது.

டிக். டிக். டிக்.

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "அழாத. இப்ப அழுதா கேக்காது" என்றார். அவர் கண்ணிலிருந்துதான் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நெருங்க நெருங்கத் துடிப்பு பலமாகும். ஆனால் பெட்டிக்கு நேர் மேலே வந்ததும், நிமிர்த்திப் பிடித்த வளையத்தில் ஒலி அறவே மறைந்துவிடும். இரண்டடி எந்தப் பக்கம் நகர்ந்தாலும் திரும்ப வரும். சத்தம் செத்துப்போகும் இடம்தான் ஆள் இருக்கும் இடம். நாங்கள் தேடியது அந்த மௌனத்தை.

துடிப்பு எங்களைச் சலவைக்கடைக்குள் இழுத்துப் போனது. கடைக்காரம்மா, வாயே திறக்காமல், கொடிகளில் தொங்கிய ஈர விரிப்புகளை இரண்டு கையாலும் விலக்கி வழி விட்டாள். இஸ்திரி மேசைகளைத் தாண்டி, பின்கட்டில் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்றோம். துடிப்பு மறைந்தது. கிழக்கிலிருந்து வந்து பார்த்தோம், மறைந்தது. தெற்கிலிருந்து வந்தோம், அதே இடம். இவர் சாக்கட்டியால் சிமெண்டுத் தரையில் பெருக்கல் குறி போட்டார்.

மேனேஜரும் சர்வேயரும் வந்தார்கள். "பம்ப் அறையிலேர்ந்து அறுபது மீட்டர் மேற்கால இருக்கே. அங்க ஒண்ணும் கிடையாதே" என்றார் மேனேஜர்.

சர்வேயர் வரைபடத்தில் விரலை ஓட்டினார். "பழைய பாதை ஒண்ணு இருக்கு சார். கைவிட்டது. பலகை வெச்சு அடைச்சிருக்கோம்."

"அடைச்ச இடத்துக்கு ஏன் போகணும்?"

"அது மத்த இடத்தைவிட உசரமா சார்?" என்று நான் கேட்டேன்.

சர்வேயர் எண்களைப் பார்த்தார். "மூணு மீட்டர் மேடு."

"அப்ப எங்கப்பா அங்கதான் போயிருப்பார். பம்ப் நின்னா தண்ணி ஏறும். மழை பெஞ்சா வீட்ல முதல்ல கட்டில் மேல ஏறுற ஆள் அவர்."

மேனேஜர் என்னையும் தரையிலிருந்த குறியையும் மாறி மாறிப் பார்த்தார். "பெட்டி அங்க இருக்கு. சரி. ஆளுங்க இருக்காங்கன்னு என்ன நிச்சயம்?" என்றார். குரலில் குத்தல் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். துடிப்பு தானாக நடப்பது. உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது துடிக்கும்.

அதற்கும் வழி இருந்தது. சலவைக்கடையைச் சுற்றித் தெருவோடு பெரிய வட்டமாகக் கம்பி போட்டு, மேலேயிருந்து கீழே சிக்னல் அனுப்பினால் பெட்டியில் சின்ன மணி ஒலிக்கும். மூன்று தரம் ஒலித்தால், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ அத்தனை தரம் கீழே பொத்தானை அழுத்த வேண்டும். வகுப்பில் சொல்லிக்கொடுத்தது இதுதான். என் வீட்டுக்காரரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவருக்கும் அந்தக் குறட்டை ஞாபகம் வந்தது.

மூன்று தரம் அனுப்பினார். துடிப்பு நின்றது. பிறகு நீளமாக ஒரு ஒலி வந்தது. விரலை நீட்டினேன். இரண்டு. மூன்று. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் நான்கு. ஐந்து. ஆறு. நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. பதினேழு வரை எண்ணினேன்.

"பதினேழா? உள்ள மூணு பேர்தானே?" மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது.

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "மாமாதான் சார். சத்தியமா மாமாதான். வேற யாரும் இப்படி அமுக்க மாட்டாங்க."

திரும்பக் கூப்பிட்டார். இந்தத் தடவை நிதானமாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரி வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. அதோடு நின்றது.

நடந்தது என்னவென்று பிற்பாடு பம்ப்காரர் சொன்னார். மணி அடித்ததும் அப்பா சந்தோஷம் தாங்காமல் பொத்தானைக் குத்து குத்தென்று குத்தியிருக்கிறார். வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பம்ப்காரர், "யோவ் மேஸ்திரி, ஒரு ஊரையே கணக்குக் காட்டறீரே!" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாராம்.

மேனேஜர் அங்கேயே தீர்மானித்தார். மீட்புக் குழு மேற்கே திரும்பியது, பழைய பாதையின் மறுமுனையிலிருந்து தோண்டிக்கொண்டு போக. அதற்குள் காற்றும் தண்ணீரும் கொடுக்க, மேலேயிருந்து ஒரு துளை. போர் மிஷின் லாரி உள்ளே வர இடமில்லை. சலவைக்கடைக்காரம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "பின்சுவரை இடிங்க. அது எப்பவோ விழ வேண்டிய சுவர்." நல்ல உறுதியான சுவர் அது. இடிக்க ஆறு பேர் வேண்டியிருந்தது.

எண்பத்து நான்கு மீட்டர். போர்க்காரர் அவசரப்படாத மனிதர். "கோணினா போச்சு. ஊசியில நூல் கோக்கிற மாதிரிதான் போவேன்" என்றார். மறுநாள் காலையில் ஐம்பது தாண்டியிருந்தார். ஊருக்குக் கரண்ட் இன்னும் வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை; நான் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா காபி பிளாஸ்க்கோடு வந்து துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொண்டாள். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். தான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

ஒன்பது மணிக்குத் துடிப்பு மெலிய ஆரம்பித்தது. ஒன்பதே காலுக்கு நின்றது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் மட்டும் கண்ணால் காட்டினேன். "பேட்டரி தீந்திருக்கும்" என்றார். அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னடி?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, மிஷின் சத்தம்" என்றேன். என் வாழ்நாளில் அம்மாவிடம் சொன்ன பொய்களில் கனமானது அதுதான்.

நாற்பது நிமிஷம். பிறகு, டிக். முன்பைவிடப் பலமாக. டிக். டிக்.

அவர்கள் வேறொரு விளக்கின் பேட்டரியை மாற்றியிருந்தார்கள். இருட்டில் தடவித் தடவி மாற்ற அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. சிக்னலுக்காக மூன்று பேட்டரிகளையும் சேமித்து, முதல் மணி அடித்ததிலிருந்தே விளக்கே போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்படிச் செய்ய வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. ஒட்டகத்தின் யோசனை அது. "வெளிச்சம் நம்ம மூஞ்சியத்தான் காட்டும். இதாவது மேல இருக்கிறவங்களுக்கு நம்மளக் காட்டுமே" என்றாராம்.

மூன்றரை மணிக்குத் துளைத்தண்டு சட்டென்று அரையடி இறங்கியது. மிஷினை நிறுத்தினார்கள். தண்டை உருவி எடுத்து, துளை வழியே ஒரு போனைக் கம்பியில் கட்டி இறக்கினார் என் வீட்டுக்காரர். இணைப்புக் கொடுத்தது நான். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் இணைப்பு கொடுத்திருப்பேன்.

"ஹலோ, எக்ஸ்சேஞ்ச்" என்றேன். பழக்கதோஷம்.

"பாப்பா." கரகரத்த குரல். "எல்லாரும் சவுக்கியம். ஒட்டகத்துக்கு முழங்கால்ல அடி. அம்மா எங்க?"

"இங்கதான் இருக்கா. கொடுக்கறேன்."

"இரு இரு. முதல்ல மாப்பிள்ளைகிட்ட கொடு."

போனை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக் காதில் வைத்தார். பக்கத்தில் நின்றிருந்த எங்கள் எல்லோருக்குமே அப்பாவின் குரல் கேட்டது.

"மாப்பிள்ளை, நீங்க போட்ட ஓட்டை பம்ப்காரர் தலைக்கு ரெண்டு முழம் தள்ளி இறங்கியிருக்கு. நல்லாத் தூங்கிட்டிருந்த மனுஷன். கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதா?"

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போனைப் பிடித்தபடியே துவைக்கும் கல்லில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அவர் கையிலிருந்து போனை வாங்கி, "ஏங்க, மாப்பிள்ளையை அழ வெச்சுட்டீங்க. மேல வாங்க, இருக்கு உங்களுக்கு" என்றாள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

வியாழக்கிழமை மதியம் மீட்புக் குழு உள்ளே போய்ச் சேர்ந்தது. ஸ்ட்ரெச்சரில் ஒட்டகத்தின் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டு வந்தன. பின்னால் பம்ப்காரர். கடைசியில் அப்பா, நடந்தே வந்தார். கரி அப்பிய முகத்தில் கண் மட்டும் கூசிச் சுருங்கியிருந்தது. என்னைக் கட்டிக்கொண்டார். அம்மாவின் தலையில் கை வைத்தார். என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றதும் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கைகுலுக்கிக்கொண்டார்கள், ஏதோ மீட்டிங்கில் சந்தித்த அதிகாரிகள் மாதிரி. அப்பாதான் அந்தக் கையை விடவில்லை. ஆம்புலன்ஸ் வரைக்கும் பிடித்துக்கொண்டே நடந்தார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். கைதான் நடுங்கியது. ஒரு வாரமாகியும் நிற்கவில்லை. கரண்டி பிடித்தால் தாளம் போட்டது. "குளிர் காத்து" என்று அப்பா சாக்குச் சொன்னார். தாடி வளர்ந்துகொண்டே போனது. சவரம் செய்ய யாரையும் கூப்பிட மாட்டேன் என்று பிடிவாதம்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் வெந்நீர்க் கிண்ணத்தோடு வந்தார். அப்பாவைப் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றினார். அப்பா முறைத்துப் பார்த்தார். பிறகு முகவாயைத் தூக்கிக் காட்டினார்.

அம்மா கண்ணாடி பிடித்துக்கொண்டு நின்றாள். "இடது பக்கம் விட்டுப்போச்சு பாருங்க மாப்பிள்ளை" என்றாள்.

"பேசாம இரு. அவருக்குத் தெரியும்" என்றார் அப்பா. இவர் இடது கன்னத்தில் கத்தியை ஓட்டினார். பிறகு, கண்ணை மூடியபடியே, தாழ்ந்த குரலில் நேராக அவரிடம் பேசினார். "அந்த மணி அடிச்சுது பாருங்க... அது வரைக்கும் நான் அவங்க ரெண்டு பேருக்கும் தைரியம் சொல்லிட்டிருந்தேன். எனக்குச் சொல்லத்தான் ஆள் இல்ல."

"தெரியும் மாமா. அசையாதீங்க" என்றார் இவர்.

நான் உலர்ந்த துண்டு எடுத்துவர உள்ளே போனேன். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் மீசையை எவ்வளவு கத்தரிப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.